கேரேஜுக்கும் வீட்டுப் பட்டறைக்கும் டீசல் ஹீட்டர்: அளவு பார்ப்பது முதல் பழுது பார்ப்பது வரை

குளிர் மிகுந்த இடங்களில், பனிக்காலம் வந்துவிட்டால் கேரேஜிலும் வீட்டுப் பட்டறையிலும் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மரப்பசை பிடிப்பதில்லை, பெயிண்ட் காய்வதில்லை, விறைத்த விரல்களுக்குச் சின்ன நட்டு ஒன்று அகப்படுவதே பெரும்பாடாகிறது. அந்தக் கையோடு கிரைண்டரையோ வட்ட ரம்பத்தையோ இயக்குவது அபாயமும்கூட. மின்சாரத்தால் அத்தனை வெப்பத்தையும் பெற வேண்டுமானால் பல இடங்களில் தனி இணைப்பே இழுக்க வேண்டியிருக்கும் என்பதால், சிறிய டீசல் ஹீட்டரைப் பலரும் நாடுகிறார்கள். ஒழுங்காகப் பொருத்தினால் அது நல்ல வழிதான். அந்த ஒழுங்கு ஹீட்டரின் பிராண்டைப் பொறுத்ததல்ல, புகையை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே என் உறுதியான கருத்து. அதனால் இந்த வழிகாட்டியில் புகைக்குழாய்க்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்த ஹீட்டர் கட்டடங்களுக்காக உருவானதல்ல. லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு உறங்கும்போது கேபின் சூடாக இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பெச்சர் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் முன்னோடிகள். அதே அமைப்பில் சீனாவிலிருந்து மலிவான ஹீட்டர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் கேரேஜ்களில் இவற்றைப் பரவலாகக் காண முடிகிறது. இவ்வகை ஹீட்டர்களுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 122ஆம் எண் ஒழுங்குமுறை வாகனங்களைக் குறித்தது. கட்டடத்துக்கான சான்றாக அதைக் காட்ட முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன்பே உள்ளூர்க் கட்டட விதிகளையும் தீயணைப்பு விதிகளையும் விசாரித்து, வீட்டுக் காப்பீடு செய்த நிறுவனத்திடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் இந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது.

ஹீட்டருக்குள் நடப்பது என்ன?

இந்த ஹீட்டருக்குள் இரண்டு காற்றுப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று எரிவதற்கான பாதை. சிறு குழாய் ஒன்று வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. டீசல் பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறக்குறைய 0.02 மில்லி லிட்டர் என்ற அளவில் எரிபொருளை அறைக்குள் தள்ளுகிறது. குளோ பிளக் பழுக்கக் காய்ந்து அதைப் பற்றவைக்கிறது. எரிந்த புகை இன்னொரு குழாய் வழியே வெளியேறுகிறது. மற்றொன்று சூடேறும் காற்றின் பாதை. உள்ளிருக்கும் ஃபேன் அறைக்காற்றை இழுத்து, எரியறையைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளின் மேல் ஓடவிட்டு, சூடேற்றித் திரும்ப அறைக்குள் அனுப்புகிறது. இந்த இரண்டு காற்றும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஹீட்டரைப் பொருத்தும் வேலை என்பது, தொழிற்சாலையில் பிரித்து வைக்கப்பட்ட அந்த இரண்டையும் நம் கட்டடத்திலும் பிரிந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

பீரங்கி வடிவில் நெருப்பை நேரடியாக அறைக்குள் ஊதும் ஹீட்டர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவியும் உண்டாகின்றன. அவை முழுவதும் அறைக்குள்ளேயே தங்குவதால் மூச்சுக்கும் கேடு. குளிர்ந்த இரும்பின் மேல் நீராவி படிந்து உளியும் இழைப்புளியும் துருப்பிடிக்கும். மூடிய கேரேஜில் அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை கிலோவாட் வேண்டும்?

விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காமல், அறையைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து, வெளியே உள்ள குளிருக்கும் உள்ளே நீங்கள் விரும்பும் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்குங்கள். அதைச் சுவரின் தன்மைக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குங்கள்: வெறும் தகர ஷெட் என்றால் 4, ஒற்றைச் செங்கல் சுவர் என்றால் 3, ஓரளவு வெப்பக்காப்பு உள்ளதென்றால் 1.5 முதல் 2 வரை. கிடைக்கும் விடை மணிக்கு இத்தனை கிலோகலோரி என்பதாகும். 860ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும்.

6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள கேரேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 60 கன மீட்டர். வெளியே உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி, உள்ளே 15 டிகிரி வேண்டும் என்றால் வேறுபாடு 20. தகர ஷெட்டாக இருந்தால் 4,800 கிலோகலோரி, அதாவது சுமார் 5.6 கிலோவாட் தேவைப்படும். அதே அறைக்கு வெப்பக்காப்புப் பலகை அடித்து, பெரிய கதவின் விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால் 1.5 என்ற எண் பொருந்தும், தேவை 2.1 கிலோவாட்டாகக் குறைந்துவிடும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது, அதில் முக்கால் பங்குதான் அறைக்கு வந்துசேரும் என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் மணிக்கு முக்கால் லிட்டர் செலவாகும் இடத்தில் இரண்டாவது நிலையில் கால் லிட்டருக்குச் சற்று மேல் போதும். எனவே பணத்தை முதலில் சுவருக்கும் கூரைக்கும் கதவுக்கும் செலவிடுங்கள், ஹீட்டர் அதற்குப் பிறகுதான்.

சந்தையில் 2, 5, 8 கிலோவாட் என்று மூன்று அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. 8 என்று ஒட்டப்பட்டவற்றுள் பலவற்றின் உடல் 5 கிலோவாட் ஹீட்டரின் உடலேதான். தேவைக்கு மிக அதிகமான ஹீட்டரை வாங்குவதும் நல்லதல்ல. எப்போதும் குறைந்த வேகத்திலேயே எரியும் ஹீட்டருக்குள் கரி சீக்கிரம் அடைந்துவிடும்.

இடம் தேர்ந்தெடுத்தல்

ஹீட்டரை அறைக்குள் சுவரோரம் வைத்துப் புகைக்குழாயை மட்டும் வெளியே கொண்டுபோகலாம். அல்லது ஹீட்டரையே வெளிச்சுவரில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு காற்றுக்குழாய்களை மட்டும் சுவர் வழியே உள்ளே கொண்டுவரலாம். இரண்டாவது முறையில் சிறிது வெப்பம் வீணாகும், மழையிலிருந்தும் பாதுகாக்க வேண்டியிருக்கும். இருந்தும் எனக்கு அதுதான் பிடித்தமானது. நெருப்பு, எரிபொருள், புகை மூன்றும் சுவருக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அறைக்காற்று திரும்பி வரும் குழாய் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், அதன் இணைப்பில் இடைவெளி இருந்தால் பெட்டிக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் புகை சிறிது கசிந்தால்கூட அது நேரே அறைக்குள் போகும். அந்த இணைப்பை கிளாம்ப் போட்டு, அதன் மேல் அலுமினிய டேப்பும் சுற்றி இறுக்கமாக மூடுங்கள். பெட்டியின் மேலும் கீழும் காற்றோட்டத் துளைகள் இருக்கட்டும்.

உள்ளே வைப்பதானால், தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கும். கார் அல்லது பைக் நிறுத்தும் இடத்தில் இதை மறக்கவே கூடாது. எரிவதற்கான காற்றையும் அறைக்குள்ளிருந்து எடுக்காமல் வெளியிலிருந்தே எடுங்கள். தின்னர் ஆவியையோ பெட்ரோல் ஆவியையோ அந்தக் குழாய் இழுத்துவிட்டால், அது கூடுதல் எரிபொருளாகி ஹீட்டர் கட்டுப்பாட்டை மீறி எரியக்கூடும். ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும்போதும், திறந்த பாத்திரத்தில் பெட்ரோல் வைத்து உதிரிபாகம் கழுவும்போதும் ஹீட்டர் முழுவதும் அணைந்து ஆறியிருக்க வேண்டும்.

புகைக்குழாய்

முதலில் சுவரில் துளையிடுங்கள். புகைக்குழாய் பெரும்பாலும் 24 மி.மீ. விட்டமுள்ள, மடிப்பு மடிப்பான எவர்சில்வர் குழாயாக இருக்கும். ஹீட்டருக்கு அருகில் அதன் வெப்பம் சில நூறு டிகிரி வரை போகும். எனவே துளை அந்தக் குழாய்க்குச் சரியான அளவில் இருக்கக் கூடாது. அதைவிடப் பல மடங்கு அகலமாகத் துளைத்து, அதில் ஓர் உலோகக் குழலைச் செருகி, நடுவில் புகைக்குழாயைக் கொண்டுபோய், இடைவெளியில் செராமிக் கம்பளி அடைக்க வேண்டும். மரச்சுவராக இருந்தால் துளையைச் சுற்றியுள்ள மரத்தையே வெட்டியெடுத்துவிட்டு, இருபுறமும் உலோகத் தகடு வைத்து, மரத்துக்கும் குழலுக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். நாள்தோறும் சூடுபடும் மரம் மெல்லக் கருகிக்கொண்டே வந்து, புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் நிலையை அடைகிறது. முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது நம்பிக்கை கொள்ளத்தக்க காரணம் அல்ல.

அடுத்து, புகைக்குழாயில் உள்ள இணைப்புகள் எல்லாம் சுவருக்கு வெளியே இருக்கும்படி திட்டமிடுங்கள். ஹீட்டரோடு சேரும் இடம் ஒன்றைத் தவிர வேறு எந்த இணைப்பும் அறைக்குள் வேண்டாம். அந்த ஓர் இணைப்பிலும் கூட வரும் மெல்லிய கிளாம்ப்பை நம்பாமல் நல்ல கிளாம்ப் வாங்கி, வெப்பம் தாங்கும் சைலன்சர் பேஸ்ட் தடவி இறுக்குங்கள். சைலன்சரை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்கக் கூடாது. கூட வரும் சைலன்சர்கள் பெரும்பாலும் தகட்டை மடித்துச் செய்தவை, அவற்றின் மடிப்புகளில் புகை கசியும். தண்ணீர் வடிவதற்கென்றே அடியில் ஒரு துளையும் இருக்கும், அதன் வழியாகவும் புகை வரும்.

குழாய் ஹீட்டரிலிருந்து வாய் வரை தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும். புகையில் உள்ள நீராவி குளிர்ந்த குழாயில் தண்ணீராகிவிடும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே தேங்கி, இரவில் உறைந்து, மறுநாள் காலையில் குழாயையே அடைத்துக்கொள்ளும். தவிர்க்க முடியாத தொய்வு இருந்தால் அதன் மிகத் தாழ்ந்த இடத்தில், கட்டடத்துக்கு வெளியேதான், 3 அல்லது 4 மி.மீ. அளவில் ஒரு வடிதுளை போடுங்கள். மொத்த நீளம் 2 மீட்டருக்குள் அடங்கட்டும். வளைவுகள் குறைவாகவும் அகலமாகவும் இருக்கட்டும். குழாயின் வாய் சன்னல், கதவு, வீட்டின் காற்றோட்டத் துளை ஆகியவற்றிலிருந்து நன்கு விலகி இருக்க வேண்டும். எரிவதற்குக் காற்று இழுக்கும் குழாயும் புகை வாயும் அருகருகே இருந்தால், ஹீட்டர் தன் புகையையே திரும்ப இழுத்துக் கரி கட்டும். எனவே அவற்றை வெவ்வேறு திசையில் திருப்பிவிடுங்கள்.

ஹீட்டரை ஏற்றும் உலோகத் தட்டுக்கும் ஹீட்டருக்கும் இடையே உள்ள ரப்பர் கேஸ்கட்டும் முக்கியமானது. போல்ட் இறுக்கும்போது அது மடங்கியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

புகையில் கலந்திருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே அதைக் கண்டறியும் அலாரம் இல்லாமல் இந்த ஹீட்டரை ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. பட்டறைக்குள் ஒன்று, கேரேஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் வீட்டுக்குள்ளும் ஒன்று வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 50291இன்படி செய்யப்பட்ட அலாரம், அந்த வாயு 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவில் நீடித்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்கும். வாங்கும்போது இத்தகைய தரநிலை எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலாரத்தோடு உலர் தூள் தீயணைப்பானும் ஒன்று கதவருகே இருக்கட்டும்.

டீசலும் அதன் பாதையும்

டேங்கை வெளியே அல்லது ஹீட்டரிலிருந்து விலக்கி, ஹீட்டரைவிடத் தாழ்வாக வையுங்கள். பம்புக்கு இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது என்பதால், பம்ப் டேங்குக்கு அருகில் இருக்க வேண்டும். ஃபில்டர் பம்புக்கு முன்னால் வர வேண்டும். பம்பைப் படுக்கையாக வைக்காமல், டீசல் வெளியேறும் முனை மேலே இருக்கும்படி 15 முதல் 35 டிகிரி வரை சாய்த்துப் பொருத்தினால், உள்ளே சேரும் காற்றுக்குமிழி தானாக வெளியேறிவிடும். ரப்பர் பிடியில் தொங்கவிட்டால் அதன் டக் டக் என்ற சத்தம் சுவருக்கு ஏறாது.

கூட வரும் மென்மையான பச்சைக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்விட்டம் 2 மி.மீ. உள்ள கெட்டியான நைலான் குழாய் வாங்குங்கள். மென்மையான குழாய் பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் உப்பிச் சுருங்குவதால் எரிபொருளின் அளவு சீராக வராது. இரண்டு குழாய்களை ரப்பர் துண்டால் இணைக்கும்போது அவற்றின் முனைகள் உள்ளே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் அதில் காற்று தங்கி, ஒரு பெரிய குமிழியாகச் சேர்ந்து, ஹீட்டரை நடுவழியில் அணைத்துவிடும்.

கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். குளிர்கால டீசலையே வாங்குங்கள். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மண்ணெண்ணெயும் பயன்படும், அது கரியைக் குறைக்கும். பெட்ரோலை ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது.

மின்சாரம்

12 வோல்ட் ஹீட்டர் பற்றும்போது குளோ பிளக்குக்காக 10 ஆம்பியர் வரை கேட்கும். பற்றிய பிறகு 10 முதல் 40 வாட் வரைதான் செலவு. மெல்லிய, நீளமான வயரில் அந்த முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் இறங்கி, ஹீட்டர் பற்றாமலே நின்றுவிடும். எனவே வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பவர் சப்ளையை மட்டும் நம்புவதைவிட, ஒரு பேட்டரியும் அதற்கு ஒரு சார்ஜரும் வைப்பது சிறந்தது. ஹீட்டரை அணைத்த பிறகும் அதன் ஃபேன் சில நிமிடங்கள் ஓடி, உள்ளே தங்கிய வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கிப் பிளாஸ்டிக் உறையையும் சென்சாரையும் கெடுத்துவிடும். இதே காரணத்தால் பிளக்கைப் பிடுங்கி ஹீட்டரை அணைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

காற்றுக்குழாய்

5 கிலோவாட் ஹீட்டருக்குப் பெரும்பாலும் 75 மி.மீ. குழாய் வரும். அதை நடுவில் குறுக்கக் கூடாது, கூர்மையாக வளைக்கவும் கூடாது. குறுக்கினால் ஹீட்டர் சூடேறி நின்றுவிடும். சூடான காற்றைத் தரைமட்டத்தில் விடுங்கள், அது தானே மேலே ஏறும். திரும்பும் குழாயின் வாயும் அறையின் மறுபுறத்தில் தாழ்வாகவே இருக்கட்டும். மரவேலை செய்பவர்கள் அந்த வாயில் கம்பிவலை போட்டு, தூளை அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

முதல் முறை பற்றவைத்தல்

கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரில் பம்பைத் தனியாக ஓட்டும் வசதி இருக்கும். அதை இயக்கிவிட்டு நைலான் குழாயைக் கவனியுங்கள்: டீசல் சிறு சிறு துள்ளலாக முன்னேறி வரும், இடையிடையே குமிழிகள் தெரியும். ஹீட்டருக்கு ஒரு சாண் தூரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் எரியறையில் டீசல் தேங்கி, பற்றியவுடன் வெள்ளைப் புகையாகக் கொட்டும்.

பிறகு வழக்கம்போல் ஆன் செய்யலாம். முதல் சில நிமிடங்கள் வெளியே இலேசாக வெள்ளைப் புகை வருவது இயல்பு. நெருப்பு நிலைத்ததும் புகை கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும். உள்ளே எண்ணெய் கருகும் வாடை சிறிது நேரம் இருக்கும், அது புது உலோகத்தின் மேலுள்ள பூச்சு. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அலாரத்தின் திரையைப் பார்த்து, வெளியே போய்ப் புகைக்குழாயின் இணைப்புகளைச் சோதியுங்கள். கசிவு உள்ள இடத்தில் கறுப்புக் கறை படிந்திருக்கும். அறைக்குள் அப்படி ஒரு கறை தெரிந்தால் உடனே சுவிட்சில் அணைத்து, ஆறிய பிறகு பிரித்து மீண்டும் பேஸ்ட் தடவுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள், காற்று மெலிந்திருப்பதால் கன்ட்ரோலரில் எரிபொருள் அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் புகை வந்துகொண்டே இருக்கும்.

பராமரிப்பும் பழுதும்

ஒவ்வொரு முறையும் அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் அன்றைய கரி அன்றே எரிந்துவிடும்.

பழுதைப் புகையைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிறைய வெள்ளைப் புகை வந்து பற்றாமல் போனால், குளோ பிளக் தளர்ந்திருக்கலாம் அல்லது அதைச் சுற்றியுள்ள கம்பிவலை கரியால் அடைந்திருக்கலாம். வலையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணிகள் தெரியாவிட்டால் புதியது போடுங்கள், விலை மிகக் குறைவு. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை: உள்ளிழுக்கும் குழாயில் தூசியோ பூச்சிக்கூடோ அடைந்திருக்கும், அல்லது வோல்டேஜ் குறைந்து ஃபேன் மெதுவாகச் சுற்றும். நன்றாக எரிந்துகொண்டிருந்து திடீரென்று அணைந்தால் டீசல் குழாயில் குமிழி தேடுங்கள். பிழை எண்கள் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறுவதால், கூட வந்த கையேட்டை ஹீட்டர் பக்கத்திலேயே தொங்கவிடுவது நல்லது. அலாரம் ஒலித்தால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணைத்துவிட்டு, கதவை அகலத் திறந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

குளிர்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, கேஸ்கட்டுகளைச் சோதித்து வையுங்கள். கோடையில் குளவி கூடு கட்டாதிருக்கப் புகைக்குழாயின் வாயையும் எரிவதற்குக் காற்று இழுக்கும் குழாயின் வாயையும் மூடி வைக்க வேண்டும். மூடியதை எழுதி அந்தத் தாளைக் கன்ட்ரோலரின் பொத்தான் மேலேயே ஒட்டிவிடுங்கள், அதைக் கிழிக்காமல் யாரும் ஹீட்டரை ஆன் செய்ய முடியாதபடி.